நான்கு நாள் பள்ளி வாரம்: ஐந்தாம் நாளுக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கான்சஸ் சிட்டி பெருநகரை ஒட்டி இன்டிபென்டன்ஸ் என்ற நகரம் இருக்கிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் வாழ்ந்த ஊர் என்று பலரும் அதை அறிவார்கள். ஏறத்தாழ 14,000 மாணவர்கள் படிக்கும் அந்நகரின் பள்ளி மாவட்டம், 2023-24 கல்வியாண்டு முதல் திங்கட்கிழமை வகுப்புகளை நிறுத்திவிட்டு, செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான நான்கு நாள்களிலும் பள்ளி நேரத்தை நீட்டித்தது. இத்தகைய ஏற்பாட்டைத்தான் 'நான்கு நாள் பள்ளி வாரம்' என்கிறார்கள். ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ள அமெரிக்காவில், 2023ஆம் ஆண்டுவாக்கில் 900க்கு நெருங்கிய எண்ணிக்கையிலான மாவட்டங்கள் இம்முறையைப் பின்பற்றின. ஒரு பள்ளி மாவட்டம் ஏன் இப்படி மாறுகிறது, மாறினால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் என்ன நேர்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இம்முடிவை எடுப்பவர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது ஆட்சியரின் கீழ் இயங்கும் நிர்வாக மாவட்டம் அன்று. ஓர் ஊரையோ, ஒரு நகரத்தின் பகுதியையோ, சில கிராமங்களையோ எல்லையாகக் கொண்டு, அங்குள்ள அரசுப் பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த தனி உள்ளாட்சி அமைப்பு அது. பெரும்பாலான மாவட்டங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் கொள்கை முடிவுகளை எடுக்கிறது. வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கிறார். வருவாயில் ஒரு பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும், இன்னொரு பெரும்பகுதி மாநில அரசிடமிருந்தும் வருகிறது. மாநிலச் சட்டம் ஆண்டுக்கு இத்தனை நாள் அல்லது இத்தனை மணி நேரம் வகுப்பு நடக்க வேண்டும் என்று கீழ் எல்லையை விதிக்கும். அந்த எல்லைக்குள் நாள்காட்டியை வகுத்துக்கொள்ளும் உரிமை பல மாநிலங்களில் மாவட்டத்துக்கே இருக்கிறது. ஒரே மாநிலத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஓர் ஊரில் ஐந்து நாளும் இன்னோர் ஊரில் நான்கு நாளும் பள்ளி நடப்பதற்கு இதுவே காரணம்.

சட்டம் நாள்களை எண்ணுகிறதா, மணி நேரத்தை எண்ணுகிறதா என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இருக்கிறது. ஆண்டுக்கு 180 நாள் வகுப்பு நடத்தியாக வேண்டும் என்று சட்டம் இருந்தால், வாரத்துக்கு நான்கு நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்டுக்கு 1,080 மணி நேரம் என்று சட்டம் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. நாளுக்கு ஆறு மணி நேரம் வீதம் 180 நாள் நடத்தினாலும் 1,080 மணி நேரம். நாளுக்கு ஏழரை மணி நேரம் வீதம் 144 நாள், அதாவது வாரத்துக்கு நான்கு நாள் என 36 வாரம், நடத்தினாலும் அதே 1,080 மணி நேரம். மிசௌரியில் இந்தக் கீழ் எல்லை 1,044 மணி நேரம். நான்கு நாள் வாரத்துக்கு அம்மாநிலச் சட்டம் 2009ஆம் ஆண்டில் வழிவிட்டது.

ஆகவே கொள்கை அளவில், நான்கு நாள் வாரம் என்பது கற்பிக்கும் நேரத்தைக் குறைப்பது அன்று, அதை வேறு விதமாகப் பங்கிடுவது. 2009-10இல் ஹவாயில் நடந்ததோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டமாக உள்ள ஹவாய், நிதி நெருக்கடியின்போது ஆசிரியர்களுக்கு ஊதியமில்லா விடுப்பு அளித்து 17 வெள்ளிக்கிழமைகளில் பள்ளிகளை மூடியது. அங்கே நடந்தது பள்ளி நாள்களையே வெட்டிய செயல். அதை எதிர்த்துப் பெற்றோர் வீதிக்கு வந்ததில் வியப்பில்லை. நான்கு நாள் வாரத்தை ஆதரிப்போர் முன்வைப்பது நேரம் குறையாத ஏற்பாடு.

நடைமுறையில் நேரம் குறையாமல் இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. ஐடஹோ, நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா ஆகிய மூன்று மாநிலங்களில் ரேண்ட் ஆய்வு நிறுவனம் நடத்தி 2021இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, நான்கு நாள் மாவட்டங்களில் ஒரு பள்ளி நாள் சராசரியாக 50 நிமிடம் நீண்டிருந்ததாகவும், அப்படியிருந்தும் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மாணவர்கள் 58 மணி நேரம் குறைவாகவே பள்ளியில் இருந்ததாகவும் கண்டது. ஆறரை மணி நேரத்தை ஒரு பள்ளி நாளாகக் கொண்டால், இது ஏறக்குறைய ஒன்பது நாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளை இதே முறையில் படித்தால், இழப்பு 696 மணி நேரம். 1,080 மணி நேரம் கொண்ட கல்வியாண்டில் பாதிக்கும் மேல். ஓர் ஆண்டில் கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளி, பள்ளிப் பருவம் முழுவதிலும் சேரும்போது சிறிதன்று.

இந்த எண்ணம் புதியதும் அன்று. 1930களிலேயே தெற்கு டகோட்டா மாநிலத்தில் சில பள்ளிகள் இதை முயன்றிருக்கின்றன. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்து எரிபொருள் விலை ஏறியபோது, நியூ மெக்சிகோவின் சிமரான் மாவட்டம் பேருந்து எரிபொருளையும் கட்டடங்களைச் சூடாக்கும் செலவையும் மிச்சப்படுத்த இம்முறைக்கு மாறியது. மாணவர்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட வேண்டிய மேற்கு மாநிலங்களின் கிராமப்புற மாவட்டங்கள் அதைத் தொடர்ந்தன. 1999இல் நாடு முழுவதும் 257 பள்ளிகளில் மட்டுமே இருந்த நான்கு நாள் வாரம், 2019இல் 1,600க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியிருந்தது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் மாநில அரசுகள் கல்வி நிதியைக் குறைத்தது இப்பரவலுக்கு முக்கியக் காரணம். கொலராடோவில் இன்று பாதிக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் நான்கு நாள்தான் பள்ளி.

ஒரு நாள் மூடினால் ஐந்தில் ஒரு பங்கு செலவு குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிக் குறைவதில்லை. பள்ளி மாவட்டச் செலவில் மிகப் பெரும்பகுதி ஊழியர்களின் ஊதியமும் காப்பீடு, ஓய்வூதியம் போன்ற பலன்களும்தான். ஆசிரியருக்கு ஆண்டு ஒப்பந்தப்படி ஊதியம் தருவதால், வாரத்துக்கு நான்கு நாள் கற்பித்தாலும் அது மாறாது. மிச்சமாவது, பேருந்து எரிபொருள், மின்சாரம், சமையற்கூடச் செலவு, மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பேருந்து ஓட்டுநர், சமையல் பணியாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் ஊதியம், ஆசிரியர் விடுப்பில் சென்றால் அமர்த்தும் மாற்று ஆசிரியருக்கான செலவு ஆகியவற்றில் ஒரு பகுதிதான். 'மாநிலங்களின் கல்வி ஆணையம்' என்ற நாடு தழுவிய அமைப்பு 2011இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு மாவட்டம் மிச்சப்படுத்தக்கூடிய உச்ச அளவு 5.43 சதவீதம், உண்மையில் மாவட்டங்கள் மிச்சப்படுத்தியது 0.4 முதல் 2.5 சதவீதம் வரையே. அந்தச் சிறு மிச்சத்திலும் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாவட்டத்திலேயே குறைந்த ஊதியம் பெறுவோரின் வேலை நேரத்திலிருந்து வருகிறது. சேமிப்பு என்ற சொல்லைக் கேட்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அண்மைக் காலத்தில் சேமிப்பைப் பற்றிய பேச்சு குறைந்து, ஆசிரியர் பற்றாக்குறை முதற்காரணமாக முன்வந்திருக்கிறது. கொலராடோவின் டென்வர் நகருக்கு வடகிழக்கே பிரைட்டன் என்ற ஊரை மையமாகக் கொண்ட 27ஜே மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாணவர் எண்ணிக்கை வேகமாகப் பெருகிவந்த அம்மாவட்டம், சொத்து வரியை உயர்த்தி ஆசிரியர் ஊதியத்தைக் கூட்ட மக்களின் ஒப்புதலைப் பலமுறை கேட்டது. வாக்காளர்கள் திரும்பத் திரும்ப மறுத்தார்கள். சுற்றியிருந்த மாவட்டங்கள் கூடுதல் ஊதியம் கொடுத்து ஆசிரியர்களை ஈர்த்துக்கொண்டிருந்தன. ஊதியம் கொடுக்க வழியில்லாத நிலையில், 2018இல் 27ஜே திங்கட்கிழமைகளை விடுமுறையாக்கியது. பணத்தால் தர முடியாததை நேரத்தால் தர முயன்ற முடிவு அது. 2022இல்தான் அங்குள்ள வாக்காளர்கள் வரி உயர்வுக்கு இசைந்தார்கள்.

இன்டிபென்டன்ஸிலும் கதை இதுவே. மிசௌரியில் ஆசிரியர்களின் தொடக்க ஊதியம் நாட்டிலேயே மிகக் குறைவானவற்றுள் ஒன்றாக இருந்தது; நான்கு நாள் வாரத்தை அறிவித்தபின் ஆசிரியர் பணிக்கு வந்த விண்ணப்பங்கள் நான்கு மடங்குக்கும் மேல் பெருகியதாக மாவட்ட நிர்வாகம் கூறியது. இது மெய்யான பயன்தான். ஆனால் இந்தப் பயன் எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற கேள்வி இருக்கிறது. ஒரு மாவட்டம் மட்டும் நான்கு நாள் நடத்தும்போது அது ஆசிரியர்களை இழுக்கும். பக்கத்து மாவட்டங்களும் அதையே செய்துவிட்டால் யாருக்கும் தனிக் கவர்ச்சி இல்லை, ஊதிய வேறுபாடு மட்டும் முன்போல நிற்கும். மிசௌரியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிய மாவட்டங்கள் அடுத்தடுத்து இம்முறைக்கு மாறியதற்குப் பின்னால் இந்தப் போட்டி இருக்கிறது. ஓரிகன் மாநிலத் தரவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, நான்கு நாள் வாரத்துக்கு மாறிய பின் ஆசிரியர்கள் வெளியேறுவது குறையவில்லை, கூடியது என்றே கண்டது.

இவ்வளவுக்குப் பிறகும் கிராமப்புற மாவட்டங்களில் இம்முறையை மக்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கான காரணங்களை நகரத்தில் வாழ்வோர் பொறுமையோடு கேட்க வேண்டும். கொலராடோவின் சமவெளியிலோ கிழக்கு ஓரிகனிலோ உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விளையாட்டு அணி, போட்டிக்காகப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்வரப் பல மணி நேரம் பேருந்தில் செல்ல வேண்டும். போட்டிகள் வெள்ளிக்கிழமை என்றால், சிறிய பள்ளி ஆதலால், நண்பகலுக்குப் பின் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். பயிற்சியாளராகவும் இருக்கும் ஆசிரியரும் இருக்க மாட்டார். பல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் அருகிலுள்ள பெரிய ஊருக்கோ அதற்கப்பாலோ ஒரு நாள் முழுவதும் ஒதுக்கிப் போக வேண்டும். அதற்காகப் பிள்ளையும் விடுப்பு, ஆசிரியரும் விடுப்பு. கால்நடைப் பண்ணை வைத்திருக்கும் குடும்பங்களில் பிள்ளைகளின் உதவி வேண்டிய பருவங்களும் உண்டு. இங்கெல்லாம் ஐந்தாம் நாள் முன்பே அரைகுறையாகத்தான் நடந்துவந்தது. அதை முறைப்படி விட்டுவிட்டு மற்ற நான்கு நாளையும் முழுமையாக நடத்தலாம் என்பது நியாயமான சிந்தனை. ரேண்ட் ஆய்வில் பெற்றோரும் மாணவரும் பெரும்பான்மையாக இம்முறையை விரும்பியதற்கும், குடும்பத்தோடு செலவிடும் நேரம் கூடியதை அவர்கள் பெரிதாகச் சொன்னதற்கும் இந்த வாழ்க்கைமுறையே பின்புலம்.

படிப்பு என்ன ஆகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மார்க் ஆண்டர்சன், மேரி பெத் வாக்கர் ஆகிய இரு பொருளியலாளர்கள் கொலராடோவை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை, தொடக்கப்பள்ளி மாணவர்களின் கணித, வாசிப்புத் தேர்ச்சி சற்று உயர்ந்ததாகவே சொன்னது. ஆதரவாளர்கள் அதை நெடுங்காலம் மேற்கோள் காட்டினார்கள். பின்னர் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் தாம்சன், தனித்தனி மாணவர்களின் மதிப்பெண்களைத் தொடர்ந்து பார்த்தபோது கணிதத்திலும் வாசிப்பிலும் சரிவு தெரிந்தது. ரேண்ட் ஆய்வு, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களின் தேர்ச்சி முன்னேறவே செய்தாலும், ஐந்து நாள் பள்ளி இருந்திருந்தால் முன்னேறியிருக்கக்கூடிய அளவுக்கு முன்னேறவில்லை என்றது. முதலிரண்டு ஆண்டுகளில் இந்த வேறுபாடு தென்படுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் வெளிப்படுகிறது. மாறிய அடுத்த ஆண்டே மதிப்பெண்களைப் பார்த்து 'ஒன்றும் குறையவில்லை' என்று ஒரு பள்ளி வாரியம் அறிவித்தால், அதை ஏற்றுக்கொள்ள அவசரப்படக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்த ஆய்வுகளுள் புதிதாகக் கற்போருக்கு மிகவும் பயன்படக்கூடியவை இரண்டு. தாம்சனும் ஜேசன் வார்டும் சேர்ந்து செய்த ஆய்வு, நான்கு நாள் மாவட்டங்களை மொத்தப் பள்ளி நேரத்தின்படி பிரித்துப் பார்த்தது. நேரம் மிகவும் குறைந்த மாவட்டங்களில்தான் தேர்ச்சி விழுந்திருந்தது. நாளை நன்றாக நீட்டி மொத்த நேரத்தைக் காப்பாற்றிக்கொண்ட மாவட்டங்களில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. எமிலி மார்ட்டன், தாம்சன், மேகன் குஃபெல்டு ஆகியோர் ஆறு மாநிலங்களின் மாணவர் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு, கிராமப்புறத்தில் பாதிப்பு சிறிதாகவும், நகரம், புறநகர் சார்ந்த பள்ளிகளில் பெரிதாகவும் இருப்பதைக் காட்டியது. மேலே சொன்ன கிராம வாழ்க்கையை இதனோடு சேர்த்துப் பார்த்தால், சிமரானுக்குப் பொருந்திய ஏற்பாடு இன்டிபென்டன்ஸுக்கும் பொருந்தும் என்று கொள்ள இடமில்லை என்பது விளங்கும்.

மாணவர் நலனில் நல்ல செய்தியும் உண்டு. ஓக்லஹோமாவின் உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்த மார்ட்டன், நான்கு நாள் வாரத்துக்கு மாறிய பின் சக மாணவரைத் துன்புறுத்தும் நிகழ்வுகளும் கைகலப்புகளும் கணிசமாகக் குறைந்ததைக் கண்டார். ஆனால் பள்ளிக்குள் குறைந்தது வெளியே கூடுகிறதோ என்ற ஐயத்துக்கும் இடமிருக்கிறது. ஸ்டெஃபனி ஃபிஷரும் டேனியல் ஆர்கைலும் கொலராடோ கிராமப்புறங்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, இம்முறைக்கு மாறிய இடங்களில் இளையோர் செய்யும் குற்றங்கள் ஏறக்குறைய 20 சதவீதம் உயர்ந்ததாகக் கூறுகிறது.

ஐந்தாம் நாளில் பிள்ளை எங்கே இருக்கிறது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார், அது என்ன சாப்பிடுகிறது என்பவை எனக்குப் படிப்பை விடக் குறைந்த கேள்விகளாகத் தோன்றவில்லை. பதினாறு வயது மாணவனுக்கு அந்த நாள் கூடுதல் உறக்கமாகவோ பகுதிநேர வேலையாகவோ அமையலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு அப்படி அமையாது. பெற்றோரின் அலுவலகமும் கடையும் மருத்துவமனையும் ஐந்து நாளும் இயங்குகின்றன. தாத்தா பாட்டி அருகில் இல்லையென்றால் யாராவது ஒருவர் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது பணம் கொடுத்துக் குழந்தைப் பராமரிப்பு தேட வேண்டும். வேலையை விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் தாய்தான். 27ஜே மாவட்டம் மாறியபோது திங்கட்கிழமைகளில் நாளுக்கு 30 டாலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பை ஏற்பாடு செய்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மாதத்துக்கு ஏறத்தாழ 240 டாலர். வரி உயர்வை மறுத்த ஊர், அச்செலவைச் சிறு பிள்ளைகளைப் பெற்றவர்கள் தலையில் வைத்தது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் காலை உணவையும் மதிய உணவையும் இலவசமாகவோ சலுகை விலையிலோ பள்ளியில்தான் பெறுகிறார்கள். பள்ளி இல்லாத நாளில் அந்த உணவு இல்லை. இதை உணர்ந்த மாவட்டங்கள் வார இறுதிக்கு முன் உணவுப் பொட்டலங்களைப் பைகளில் போட்டு அனுப்புகின்றன. வேறு சில, ஐந்தாம் நாளிலும் சில கட்டடங்களைத் திறந்து உணவும் படிப்புதவியும் தருகின்றன. பேச்சுப் பயிற்சி, உடலியக்கப் பயிற்சி போன்ற சிறப்பு உதவிகள் தேவைப்படும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மூன்று நாள் தொடர் இடைவெளி பெருங்குறை. நாள் நீள்வதால் சின்னஞ்சிறு வகுப்புகளில் பிற்பகலில் பிள்ளைகள் சோர்ந்துபோவதும் உண்டு. எனவே கடினமான பாடங்களைக் காலையில் வைப்பது, நடுவே விளையாட்டு நேரத்தைக் கூட்டுவது என்று கால அட்டவணையையே புதிதாக வகுக்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு முறை அந்த விடுமுறை நாளில் ஆசிரியர்களைக் கூட்டிப் பயிற்சியும் பாடத் திட்டமிடலும் நடத்தும் மாவட்டங்கள், கிடைத்த நாளை நன்றாகவே பயன்படுத்துகின்றன.

இந்தச் சிக்கல்களைக் கண்ட மாநில அரசுகள் கடிவாளம் போடத் தொடங்கியிருக்கின்றன. 2018 ஏப்ரலில் ஆசிரியர்கள் ஊதியத்துக்காகவும் கல்வி நிதிக்காகவும் பெரும் வேலைநிறுத்தம் செய்த ஓக்லஹோமாவில், நிதிப் பற்றாக்குறையால் பல மாவட்டங்கள் நான்கு நாளுக்கு மாறியிருந்தன. 2019இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், ஆண்டுக்குக் குறைந்தது 165 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்றும், விலக்கு வேண்டும் மாவட்டங்கள் மாநில அரசு வகுத்த அளவுகோல்களை எட்டியிருக்க வேண்டும் என்றும் விதித்தது. மிசௌரி வேறு வழியில் சென்றது. 2024இல் ஆளுநர் மைக் பார்சன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, 30,000 அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை உள்ள நகரங்களிலும் சில பெரிய கவுண்டிகளிலும் (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவுகளிலும்) நான்கு நாள் வாரத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால், பள்ளி வாரியத்தின் தீர்மானம் மட்டும் போதாது, வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். சிறிய கிராமப்புற மாவட்டங்களை அச்சட்டம் தொடவில்லை. கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வுகள் காட்டியிருக்க, இந்தப் பாகுபாடு பொருத்தமானது என்றே தோன்றுகிறது.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் உண்டு. ஆண்டுக்கு 169 நாளாவது பள்ளி நடத்தும் மாவட்டங்களுக்குக் கூடுதல் மாநில நிதி தரப்படும் என்கிறது ஒன்று. சட்டப்படி 25,000 டாலராக இருந்த ஆசிரியரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 40,000 டாலராக உயர்த்துகிறது மற்றொன்று. நான்கு நாளா ஐந்து நாளா என்று விவாதிக்கும் எந்த ஊரும் முதலில் படிக்க வேண்டியவை இவ்விரண்டு பிரிவுகளும்தான். ஏனெனில் 27ஜேயிலும் இன்டிபென்டன்ஸிலும் திங்கட்கிழமை மூடப்பட்டது ஊதியம் போதாமல் போன பின்புதான்.